மருந்து அடிக்காத ஓர் ஏக்கர்

இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற வேலையில், சொல்கிற வார்த்தை எதுவும் நம்முடையதல்ல. வாங்குகிற திட்டு மட்டும் முழுக்க நம்முடையது. டாக்டர் சொன்னதை நோயாளிக்குச் சொல்லும் நர்ஸுகள், தலைமை அலுவலகம் சொன்னதை ஊருக்குச் சொல்லும் கடைசிப் படி ஊழியர்கள், அம்மா சொன்னதை மனைவிக்குச் சொல்லும் கணவன்மார்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

நான் படித்தது எட்டாவது வரை. இங்கிலீஷ் கற்றது ரிக் வண்டியில். ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்காக நான்கு வருடம் ஆப்பிரிக்காவில் இருந்தேன். மாலையில் பழைய அகராதி ஒன்றை விரித்துவைத்து, நாளுக்குப் பத்து வார்த்தை என்று நானாகவே மனப்பாடம் செய்தேன். ஊர் திரும்பி, நாமகிரிப்பேட்டைப் பக்கம் சொந்த நிலத்தில், எங்கள் பேச்சில் காட்டில், மஞ்சள் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டு விவசாய உதவித் திட்டம் ஒன்றுக்கு ஊர்ப் பேச்சும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அப்படி அகப்பட்டேன்.

அந்தச் சமயம் குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி விழுந்திருந்தது. வெளியூரில் மரவள்ளி என்று சொல்வதைத்தான் நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசி ஆலைக்குப் போவது. செடியின் கொழுந்தெல்லாம் சுருண்டு, உள்ளே வெள்ளைவெள்ளையாகப் பூச்சி அடைந்து கிடக்கும். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை முன்பே ஒரு குட்டிக் குளவியை விட்டு அடக்கியிருக்கிறார்கள். அந்த அனுபவத்தோடு கானா நாட்டிலிருந்து அபேனா என்கிற பெண் விஞ்ஞானி வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஓர் ஏக்கர் குச்சிக்கிழங்கு, மூன்று மாதம், ஒரு சொட்டு மருந்து படக்கூடாது. படாவிட்டால் குளவி பெருகிச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவும். ஒரே ஒரு தடவை அடித்துவிட்டாலும் அத்தனையும் செத்துப்போகும், திட்டமும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அந்த ஓர் ஏக்கரைத் தேடியதும் காத்ததும்தான் என் உத்தியோகம்.

டீ, வடை, கையெழுத்து

முதல் கூட்டம் கல்யாண மண்டபத்தில். சென்னையிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் திரையில் படம் காட்டினார். குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்னும், பிறகு ஓட்டைபோட்டு வெளியே வரும் என்று அபேனா விளக்க, நான் தமிழில் சொன்னேன். எண்பது பேர் கேட்டார்கள். வருகைப் பதிவேட்டில் எண்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டீயும் வடையும் சாப்பிட்டார்கள். யார் நிலம் தருவீர்கள் என்று கேட்டதும் எண்பது பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

ஒருங்கிணைப்பாளருக்குக் கோபம். "இதுதான் இவர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று சொல்லுங்கள்" என்றார் இங்கிலீஷில். நான், "யோசிச்சு, ஊட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன் தமிழில். இந்த வேலையில் இருந்தவர்கள் என்னை மன்னிப்பீர்கள். அப்போது பின்வரிசையிலிருந்து சென்னியப்பண்ணன் எழுந்தார். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். ஊரில் நல்ல மண், நடுவாந்திரமான இடம், எங்கள் கணக்கில் அவர் காடுதான் குளவிக்குப் பொருத்தம். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். அவர் கேட்டது இதுதான்: "பூச்சியக் கொல்லப் பூச்சி உடறீங்க, சரி. அந்தப் பூச்சி ஏறிப்போச்சுன்னா அப்புறம் எதைத் தம்பி உடுவீங்க?"

கேதம்

சென்னியப்பண்ணனை எப்படியாவது வீட்டில் போய்ப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவது என்று அலுவலகத்தில் நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவருடைய உடன்பிறந்த அண்ணன் இறந்துபோனார். போனில் சொன்னேன். நாளை மாற்ற முடியாது, வண்டி சொல்லியாகிவிட்டது, ஒப்பந்தத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஒருங்கிணைப்பாளர். திட்டத்தின் பெயர் எழுதிய வண்டி, சாவு வீட்டுப் பந்தலுக்கு இருபதடி தள்ளி நின்றது. எனக்கு இறங்கவே கால் வரவில்லை.

அபேனா வண்டியிலேயே இருந்து, "இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். கேதத்துக்கு, அதாவது துக்கத்துக்குப் போனால் வா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆண்கள் பந்தலில் கைநீட்டித் தொட்டுவிட்டு உட்காருவார்கள். பெண்கள் உள்ளே போய்ப் பெண்களோடு உட்காருவார்கள். கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அவர் ஒப்பந்தத் தாளை இருக்கையிலேயே வைத்தார். உள்ளே போய், சென்னியப்பண்ணனின் மனைவி ராசம்மா பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் இருந்திருப்பார். யாரோடும் ஒரு பேச்சு இல்லை. பிறகு எழுந்து வந்துவிட்டார். திரும்பும் வழி முழுக்க ஒருங்கிணைப்பாளர் போனில் என்னைத்தான் காய்ச்சினார்.

பதினாறு கழிந்து சென்னியப்பண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தாளை எடுக்கச் சொன்னார். நான் காரணம் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "அந்தம்மா அன்னிக்குக் காட்டப் பத்தி ஒரு வார்த்தை எடுக்கல தம்பி. எடுத்திருந்தா நானும் முடியாதுன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பேன்."

மொழி தேவைப்படாத இடம்

அபேனாவுக்குத் தங்க ராசிபுரத்தில் அறை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் காடு பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மனைவி சரசுவுக்கு அவரைப் பார்த்த முதல் நாளே பிடித்துப்போயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாற்பது வயது விஞ்ஞானியை அவள், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளை "அக்கா" என்பார். இருவருக்கும் பொதுவாக இருந்த வார்த்தைகள் அந்த இரண்டுதான்.

ஒரு நாள் அபேனா காட்டிலிருந்து கிழங்கு ஒன்றைப் பிடுங்கிவந்து, தங்கள் ஊர்ச் சாப்பாடு செய்து காட்டுகிறேன் என்றார். எங்கள் ஊரில் ஆலைக்குப் போகிற கிழங்கு வேறு, அடுப்புக்கு வருகிற கிழங்கு வேறு. ஆலைக் கிழங்கு கசக்கும். நான் அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் சரசு கிழங்கை அவர் கையிலிருந்து பிடுங்கி, முகத்தைச் சுளித்துக் காட்டி, எருக்குழியில் எறிந்துவிட்டு, சாப்பாட்டுக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். அபேனா அதை வேகவைத்து, வாழைக்காயோடு உரலில் போட்டு இடித்தார். ஒருத்தி இடிக்க, இன்னொருத்தி உலக்கை மேலே போகிற இடைவெளியில் கைவிட்டுப் புரட்ட வேண்டும். கை நசுங்காமல் இருக்க இரண்டு பேரும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று, இப்போது என்றும் பொறு என்றும் இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தாளம் தவறியது. கடைசியில் சரசு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்க போய்ப் பேப்பர் படிங்க. நாங்க பேசிக்கறோம்."

போய்ப் படித்தேன். சமையல்கட்டில் இரண்டு பெண்களும் சிரிப்பது முன்வாசல் வரை கேட்டது. எதற்குச் சிரித்தார்கள் என்று அன்று கேட்டிருக்கலாம். ஒரு பேப்பர் அப்படி என்ன முக்கியம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

காலி டப்பா

குளவிகள் விமானத்தில் வந்தன. குளிர்ப் பெட்டிக்குள் சின்னச் சின்னக் குப்பிகள். பங்குனி முதல் வாரம், வெயில் ஏறுமுன், சென்னியப்பண்ணன் காட்டில் திறந்துவிட ஏற்பாடு. ஊரே வரப்பில் நின்றது. அபேனா ஒவ்வொரு செடியாகப் போய்க் குப்பியின் மூடியைத் திறந்து, கொழுந்துப் பக்கம் பிடித்து, மெல்லத் தட்டினார். குளவி என்று நான் சொல்லியிருந்ததால் பயந்து தலையில் துண்டு கட்டிவந்தவர்களும் உண்டு. ஆனால் அது கொசுவைவிடச் சின்னது. அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது, ஊருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் குப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அபேனா அவர் முகத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் சொன்னதை நான் கடைசிவரை மொழிபெயர்க்கவில்லை. "ஏனுங்க, இத்தன தூரம் வெறுங்காத்தயா அடச்சுக் கொண்டாந்தீங்க? நம்மூர்ல இல்லாத காத்துங்களா?"

கட்டிலுக்கு அடியில்

சித்திரையில் அபேனா ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அனுமதி அவ்வளவுதான். ஆவணியில் வந்து பலனைப் பார்ப்பதாகச் சொன்னார். போகும் நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சென்னியப்பண்ணன் காட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வந்தது அக்கினி வெயில். மாவுப்பூச்சிக்கு அதுதான் பண்டிகை. சுற்றிலும் மருந்து அடிக்கும் சத்தம்; நடுவில் சென்னியப்பண்ணன் காடு மட்டும் வெள்ளை பூத்து நின்றது. டீக்கடையில் அவரைக் கேலி செய்தார்கள். உன் காட்டிலிருந்துதான் எங்கள் காட்டுக்குப் பூச்சி வருகிறது என்று சண்டைக்கும் வந்தார்கள். அவர் நாமக்கல் போய் மருந்து வாங்கிவந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஐம்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் நாற்பது நாள் போக வேண்டும். ஒரு மணி நேரம் பேசினேன். குளவி எத்தனை தலைமுறை பெருகியிருக்கும், கானாவில் என்ன நடந்தது, எல்லாம் சொன்னேன். அவர் வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். ராசம்மா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. அன்றும் அடிக்கவில்லை, அடுத்த வாரமும் அடிக்கவில்லை. என் பேச்சுதான் நிறுத்தியது என்று உள்ளூர ஒரு பெருமை எனக்கு. வைகாசியில் ஒருநாள் வழியில் பார்த்து அதையே மறைமுகமாகக் கேட்டும்விட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. "மருந்து கட்டிலுக்கு அடியிலதான் இருக்குது. அடிக்கல. ஏன்னு மட்டும் கேக்காத தம்பி."

எல்லாம் பயிற்சி

ஆனி கடைசியில் ஒரு காலை சென்னியப்பண்ணன் போன் செய்து, வா என்றார். போய்ப் பார்த்தால் கொழுந்து நிமிர்ந்திருக்கிறது. சுருண்ட பழைய இலைக்கு மேலே ஒரு சாண் புதுத் தளிர். மாவுப்பூச்சிகள் ஓட்டோடு காய்ந்து, ஒவ்வொன்றிலும் ஊசி குத்திய மாதிரி ஒரு துளை. குளவி வெளியே போன வாசல். அவர் ஒரு இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். ஆவணியில் அபேனா வந்தபோது பக்கத்துக் காடுகளிலும் தளிர் விட்டிருந்தது. வெறுங்காற்று என்று சொன்ன மனிதர் இரண்டு இளநீரோடு வந்து நின்றார்.

அறிக்கை எழுதும் நாள் வந்தது. மருந்து அடிக்காமல் விவசாயி ஒத்துழைத்ததற்குக் காரணம் என்ன என்று ஒரு கட்டம். அபேனா பேனாவை மூடி வைத்துவிட்டார். தனக்குத் தெரியவில்லை என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்து நான் அடக்கமாகச் சும்மா இருந்தேன். ஒருங்கிணைப்பாளர் தாளை வாங்கி 'தொடர் பயிற்சி முகாம்கள்' என்று எழுதினார். மொத்தத் திட்டத்திலும் நடந்தது ஒரே முகாம். வடை தீர்ந்ததும் அதுவும் முடிந்துவிட்டது. இல்லீங்க சார் என்று இழுத்தேன். அவர் என் தோளில் தட்டினார். "எல்லாமே பயிற்சிதான் சார். நீங்க பேசினதையும் அதுலதான் சேர்த்திருக்கேன்."

சொல்லாமல் விட்டது

மறுவருடம் ஐப்பசியில் ஒரு காலை, மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உட்கார்ந்த சரசு எழுந்திருக்கவில்லை. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

நான்கைந்து மாதம் கழித்து என் போன் கெட்டுப்போயிற்று. பழையது இரண்டு கொடுத்தால் புதியது ஒன்று சல்லிசாக வரும் என்றார் கடைக்காரர். சரசுவின் போனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அது இனி எதற்கு என்ற நினைப்பு. பாதி வழியில் வண்டியை நிறுத்தினேன். அவள் குரல் இருந்த ஒரே இடம் அது. திரும்பி ஓடினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் எடுத்து வைப்போம் என்றார் கடைக்காரர், என் தகவல் பத்திரம் என்று ஆறுதல் சொல்வதுபோல.

இதை அபேனாவிடம் ஒருநாள் போனில் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது. அவள் குரல் தன்னிடம் இருக்கிறது என்றார். ஊருக்குப் போகுமுன் சரசுவுக்குக் குரல்செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்தது எனக்கும் தெரியும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இவள் தமிழில் அனுப்புவாள், அவர் இங்கிலீஷில் பதில் அனுப்புவார், ஒருவருக்கும் ஒன்றும் புரியாது என்று நான் கேலி செய்ததுண்டு. அந்தச் செய்திகள் முப்பத்தொன்று அவரிடம் இருந்தன. அனுப்புகிறேன் என்றார், ஆனால் ஒரு வேண்டுகோள், ஒவ்வொன்றிலும் என்ன சொல்லியிருக்கிறார் என்று எழுதி அனுப்ப வேண்டும். இத்தனை நாள் யாரிடமும் கேட்கவில்லையா என்றேன். "அக்கா என்னிடம் சொன்னது. வேறு ஆள் கையில் எப்படிக் கொடுப்பேன்?"

மூன்றாவது செய்தி

முதல் இரண்டும் சாப்பாடு, வெயில். மூன்றாவதைப் போட்டேன். பின்னால் எங்கள் மாடு கத்துகிறது. சரசு குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள்.

"ஏஞ்சாமி, நல்லாருக்கியா? இன்னிக்கும் ராசம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன். மருந்து வாங்கிட்டாங்க. அவுங்களக் குத்தஞ்சொல்ல முடியுமா, வருசம் முச்சூடும் பாடுபட்ட காடு. நான் ஒண்ணு சொல்லிப்போட்டேன். குளவியால உங்க ஏக்கரு போச்சுன்னா, எங்க காட்டு மஞ்சள்ல பாதி உங்களுதுன்னு ராசம்மா கையில அடிச்சுக் குடுத்துட்டேன். எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா அதுக்கும் ஒரு கூட்டம் போட்டுருவாரு."

சிரிக்கிறாள். சமையல்கட்டிலிருந்து முன்வாசல் வரை கேட்ட அதே அளவுச் சிரிப்பு.

ஒரு மணி நேரப் பேச்சு, கானா உதாரணம், குளவித் தலைமுறைக் கணக்கு எல்லாம் என் மனதிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிணையாக நின்றது என் மஞ்சள் காடு, எனக்கே தெரியாது. நேரே சென்னியப்பண்ணனிடம் போனேன். அவர் களத்தில் கிழங்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கட்டுக்கு முடிச்சுப் போட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "உன்ர காதுல போடக்கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. அது செத்துப்போச்சுன்னு நான் பேச்சு மாற முடியுமா தம்பி?"

அவசரம் இல்லை

மூன்றாவது செய்தியை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்து அனுப்பினேன். கூட்டம் போடுவதைப் பற்றிய கடைசி வரியையும் சேர்த்துத்தான். அன்றைக்கு நான் எதையும் மென்மையாக்கவில்லை. அறிக்கையின் அந்தக் கட்டத்தைத் திருத்த முடியுமா என்று அபேனா தன் ஆட்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். திட்டம் முடிந்து கோப்பை மூடிவிட்டார்களாம். 'பிறர் காட்டுக்காகத் தன் மஞ்சளில் பாதியைப் பிணை வைத்தார்' என்று எழுத அந்தத் தாளில் இடமும் கிடையாது என்றார்.

பிறகு நான் வேகத்தைக் குறைத்துவிட்டேன். தொடக்கத்தில் நாளுக்கு ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று. இப்போது மாதத்துக்கு ஒன்று. ஒரு செய்தியைக் கேட்டுவிட்டால் அது கேட்ட செய்தி ஆகிவிடுகிறது. கேட்காத வரைக்கும் சரசு என்னிடம் இன்னும் சொல்ல வேண்டியது ஏதோ இருக்கிறது. முப்பத்தொன்றில் ஒன்பது பாக்கி. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், கண் சரியில்லை, மஞ்சள் அறுவடை என்று போன மாதம் அபேனாவுக்குப் பொய்யாக ஏதோ எழுதினேன். அவர் பதிலாகக் குரல்செய்தி அனுப்பினார், இரண்டே வாக்கியம். "அவசரம் இல்லை, அண்ணா. நானும் அக்காவின் செய்திகளை ஒரே மூச்சில் கேட்டதில்லை."

வேலையை வேண்டுமென்றே இழுத்தடிக்கும் மொழிபெயர்ப்பாளன் என்று யாராவது என்னைப் பற்றிப் புகார் எழுதினால், தயவுசெய்து அதை ஒரு பயிற்சி முகாமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.